பிறர் செய்த தீங்கிற்கு விடை கூறுவார் யார்?

தான் செய்த தீங்கிற்குத் தானே பொறுப்பாளி என்பது எந்நாட்டினரும் எக்காலத்தினரும் ஒப்புக்கொண்ட நீதியாகும். அதனை மறுப்பார் யாருமிலர். ஆனால், ஒருவன் கையால் நேர்ந்த தீங்கிற்கு மற்றொருவன் பொருள் கொடுத்து ஈடு செய்ய வேண்டுமென்று நியாயஸ்தலம் விதிக்குமாயின், கேட்போர் சிலர் முகம் சுளிப்பர். "வண்டியை ஓட்டினவன் அவன், கவிழ்த்தவனும் அவன், இடையில் நாம் என்ன பிழை செய்தோம்?" என்பர். மேலெழுந்தவாரியாகப் பார்க்குங்கால் இக்கேள்வி நியாயமானதே போலத் தோன்றும். அஃது எத்துணை நியாயமுடையது என்பதனைச் சற்று ஆராய்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கம். சட்டக் கல்லூரிப் பாடமாக இதனை எழுதப் புகுந்தோமில்லை. நம் பள்ளத்தாக்கிலே நாள்தோறும் விடியுமுன் எழுந்து மலையேறும் பெண்மக்களின் உயிரோடும் உடலோடும் இக்கேள்வி பிணைந்து கிடப்பதனாலேயே எழுதத் துணிந்தோம்.

கம்பம் பள்ளத்தாக்கின் தென்மேற்குக் கோடியில், மலையடிவாரத்தை அணுகி நிற்பது கூடலூர். பெரியாற்று நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே 1895 முதல் கீழ்நோக்கி வந்து, லோயர் கேம்ப்பைக் கடந்து, இவ்வூர் வயல்களை வளம்படுத்துகின்றது. நீர் மலையினின்று ஊருக்கு இறங்குகின்றது. ஆட்களோ ஊரினின்று மலைக்கு ஏறுகின்றனர். குமுளி, வண்டன்மேடு முதலிய பக்கங்களிலுள்ள ஏலத்தோட்டங்களில் காய் பறிக்கவும், களை எடுக்கவும், கவாத்துச் செய்யவும் ஆள் வேண்டும். அவ்வாட்களில் பெரும்பாலோர் பெண்கள். கூடலூரிலிருந்து குமுளி மலைச்சாலை வழியாகவும், கம்பத்திலிருந்து கம்பமெட்டு வழியாகவும், போடியிலிருந்து போடிமெட்டு வழியாகவும் அவர்கள் ஜீப்பு வண்டிகளில் காலையிற் சென்று மாலையில் மீளுகின்றனர். மலைக்கு வேலைக்குப் போதல் என்று ஊரார் இதனைச் சொல்லுவர்.

சென்ற விடுமுறையில் ஒருநாள் வைகறைப் பொழுதிலே கூடலூர்க் கடைத்தெருவில் நின்று இக்காட்சியைக் கண்டோம். பனி இன்னும் நீங்கவில்லை. தேநீர்க்கடை விளக்கின் கீழ்ப் பெண்கள் கூட்டங்கூட்டமாக நின்றனர். புடவையின்மேல் ஆண்கள் அணியும் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. ஒரு ஜீப்பினுள் ஏறுவோரை எண்ணத் தொடங்கினோம். பன்னிரண்டு வரையில் எண்ணினோம். அதன்மேல் ஒருவர் மடியில் ஒருவராக அமர்ந்தமையால் எண்ணிக்கை தவறிவிட்டது. பின்படியில் இருவர் கம்பியைப் பற்றி நின்றனர். நம் தெருவினரான அம்மையார் ஒருவர் அவ்வண்டிக்கே காத்திருந்தார். "அத்தை, இத்தனை பேர் ஏறிய வண்டியில் அஞ்சாமல் எப்படி ஏறுகிறீர்கள்?" என்று வினவினோம். அவர் சிரித்தார். "அச்சம் இல்லாமலா, தம்பி? இன்றைக்கு ஏறமாட்டேன் என்று சொன்னால், நாளைக்கு நம் வாசலில் வண்டி நிற்காது. வாங்கித் தின்ற முன்பணத்துக்கு யார் பதில் சொல்வது?" என்று கூறி, தூக்குவாளியை முன்னே நீட்டிக் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டார். வண்டி புறப்பட்டது. அவர் கூறிய அவ்விரண்டு வாக்கியங்களும் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. இக்கட்டுரை அவற்றிற்கு நாம் தேடிய விடையே என்று கொள்ளலாம்.

இத்தகைய வண்டி வளைவொன்றில் உருண்டுவிட்டால் யாது நேரும்? போலீஸார் முதலில் சாரதியைத் தேடுவர். சாரதியோ நாட்கூலிக்கு ஓட்டுபவன்; அவனிடத்தில் ஈடுசெய்யப் பொருள் ஏது? வண்டிக்கு உடையவர், "இத்தனை பேரை ஏற்றச் சொன்னோமில்லை" என்பர். ஆள் சேர்த்த கங்காணி, "தோட்டத்தில் கேட்ட கணக்குக்கு ஆள் விட்டோம், வண்டி நம்முடையதன்று" என்பர். தோட்டத்து முதலாளி, "வேலி தாண்டி உள்ளே வந்த பிறகே அவர் நம் ஆள், வழியில் நேர்ந்ததற்கு நாம் என்ன செய்வோம்?" என்பர். இவ்வாறு பொறுப்பானது ஒரு கையினின்று மறு கைக்கு மாறிக்கொண்டே சென்று, முடிவில் ஒருவர் கையிலும் நில்லாது, முறிந்த காலோடு கட்டிலிற் கிடப்பவள் தலையிலேயே வந்து அமருகின்றது. மூவரும் கூறியவற்றில் பொய் ஒன்றுமில்லாதிருக்கலாம். ஆயினும் மூவர் வாய்மையும் கூடி ஓர் அநீதியைப் பிறப்பித்தலைக் காண்கின்றோம்.

இம்முடிச்சினை அவிழ்க்க வேண்டின், தண்டனை வேறு, ஈடு வேறு என்பதனை முதலில் தெளிதல் வேண்டும். திருவாரூரில் அரசிளங்குமரன் செலுத்திய தேர்க்காலிற் கன்றொன்று அகப்பட்டு மடிந்த கதையை அறியாத தமிழர் இலர். மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்று போற்றுகின்றோம். அது தண்டனை நீதி; அங்கே குற்றம் செய்தவனன்றிப் பிறனொருவன் தண்டிக்கப்படலாகாது. மைந்தனுக்காக மந்திரி மடிந்தாலும் அது நீதியாகாது. ஆனால், தண்டனையால் பசுவுக்குக் கன்று கிடைத்துவிடுமா? அக்கதையிலும் கன்று மீண்டும் உயிர்பெற்றது அரசன் தீர்ப்பினாலன்று, இறைவன் திருவருளினாலேயே. திருவருள் நாள்தோறும் மலைச்சாலைக்கு இறங்கி வருமென்று எதிர்பார்த்திருத்தல் இயலாது. ஆதலின் இழந்தவருக்கு இழப்பை இயன்றமட்டும் நிறைத்துக் கொடுக்கும் நீதி தனியே வேண்டப்படுகின்றது. அதனையே சிவில் நியாயம் என்கின்றோம். குற்றத்தை ஒருவர் மேலிருந்து மற்றொருவர் மேல் மாற்றல் ஆகாது, கடனை மாற்றலாம். நஷ்டஈடு என்பது கடன். அக்கடனை யார் செலுத்துவது என்று வினவும்போது, "யார் பாவம் செய்தார்?" என்பது மட்டும் கேள்வியன்று, "இச்செயலின் ஆதாயம் யாருக்குச் சென்றது? இதனைத் தடுக்கும் வல்லமை யாரிடம் இருந்தது?" என்பனவும் கேள்விகளாம்.

இவ்விரு கேள்விகளின் மேலேயே, வேலையாள் தன் வேலையிற் செய்த தீங்கிற்கு எஜமானன் விடை கூறவேண்டும் என்னும் விதி எழுந்தது. பிரான்சு தேசத்தில் 1804ஆம் ஆண்டில் வெளிவந்த சிவில் சட்டம், எஜமானர் தம் வேலையாட்கள் செய்த நஷ்டத்திற்கும், பெற்றோர் தம்முடன் வாழும் இளம்பிள்ளைகள் செய்த நஷ்டத்திற்கும் பொறுப்பாவர் என்று எழுதியே வைத்தது. இங்கிலாந்தில் இவ்விதி எழுதப்படாமல் வழக்குகளின் வாயிலாக வளர்ந்தது. அவற்றுள் 1862ஆம் ஆண்டு வழக்கொன்று நமக்கு மிகவும் பொருந்துவது. லண்டன் நகரத்தில் குதிரை பூட்டிய ஆம்னிபஸ்களை நடத்திய கம்பெனியொன்று, பிற கம்பெனி வண்டிகளோடு பந்தயம் ஓடலாகாது, அவற்றை மறிக்கலாகாது என்று அச்சிட்ட அட்டையைத் தன் சாரதி ஒவ்வொருவனிடமும் கொடுத்திருந்தது. அவ்வாறிருந்தும் ஒருவன் எதிர்க்கம்பெனி வண்டியை மறித்துக் கவிழ்த்துவிட்டான். "நாங்கள் தடுத்திருந்தோமே" என்று கம்பெனியார் அட்டையைக் காட்டினர். நியாயாதிபதிகளுள் பெரும்பான்மையோர் அதனை ஏற்றிலர். அவன் தன் சொந்தக் காரியத்திற்கன்று, எஜமானன் காரியத்தைச் செய்யும் வழியிலேயே அவ்வாறு செய்தான். தடையுத்தரவைக் காட்டி எஜமானன் தப்பலாகாது என்று தீர்ந்தது. "இத்தனை பேரை ஏற்றச் சொன்னோமில்லை" என்னும் ஜீப்பு உடையவர்க்கு, ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகட்கு முன்னரே விடை கூறப்பட்டுவிட்டது.

நம் நாட்டிலும் இவ்விதி வேரூன்றியதே. ராஜஸ்தானத்தில் உதயப்பூரில் 1952ஆம் ஆண்டில், பழுதுபார்த்த அரசாங்க ஜீப்பொன்றைச் சாரதி திருப்பிக் கொண்டுவரும்போது, வழிநடந்து சென்ற ஒருவர்மேல் மோதினான், அவர் இறந்தார். அரசாங்கம் தனக்குப் பொறுப்பில்லை என்று வாதாடிற்று. சுப்ரீம் கோர்ட்டார் 1962ஆம் ஆண்டில் அவ்வாதத்தைத் தள்ளி, சாதாரண எஜமானனைப் போன்றே அரசாங்கமும் விடை கூறவேண்டுமென்று தீர்த்து, 15,000 ரூபாய் ஈட்டினை உறுதி செய்தனர். ஜீப்பினைச் செலுத்தினவன் கை ஓர் எளியவன் கை. ஆயினும் அக்கை யாருக்காக உழைத்தது என்பதனையே நியாயஸ்தலம் நோக்கிற்று.

இவ்விதிக்கு எல்லையில்லையோ எனின், உண்டு. அகமதாபாத்தில் டாக்ஸியாக ஓட்டுதற்கு ஒருவரிடம் ஒப்படைத்த மோட்டாரை, வேறொருவன் லைசென்சுப் பரீட்சைக்கென எடுத்துச் சென்று ஒருவரைக் காயப்படுத்தினான். உடையவர் வேலைக்கும் அவன் செயலுக்கும் தொடர்பில்லை. ஆதலின் உடையவர் பொறுப்பாளியாகார் என்று 1966ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டார் தீர்த்தனர். எனவே, பிறர் செய்த எல்லாவற்றிற்கும் நாம் அஞ்சவேண்டுவதில்லை. நம் காரியத்திற்காக, நம் ஆதாயத்திற்காகப் பிறர் செய்தவற்றிற்கே விடை கூறக் கடமைப்பட்டோம். ஏலத்தோட்டத்திற்கு ஆளேற்றிச் செல்லும் ஜீப்பு எவர் காரியத்திற்காகச் செல்லுகின்றது என்பதில் ஐயமுண்டோ?

இனி, அந்த அம்மையார் கூறிய விடைக்கு வருவோம். "ஏற மறுத்திருக்கலாமே" என்னும் வாதம் மிகப் பழையது. இங்கிலாந்தில் பிரீஸ்ட்லி என்னும் இளைஞன் பவுலர் என்னும் இறைச்சி வியாபாரியிடம் வேலை பார்த்தான். அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றிய வண்டியிற் செல்லும்படி பணிக்கப்பட்டான், வண்டி முறிந்தது, அவன் கால் ஒடிந்தது. ஜூரிகள் 100 பவுன் ஈடு கொடுக்கச் சொல்லினர். 1837ஆம் ஆண்டில் மேல் நியாயஸ்தலத்தில் அபிங்கர் பிரபு அதனை ரத்துச் செய்தார். வண்டியின் நிலை எஜமானனுக்குத் தெரிந்த அளவு வேலையாளுக்கும் தெரியும். அபாயமென்று கண்டால் அவன் மறுத்திருக்கலாம் என்பது அவர் கருத்து. அத்தீர்ப்பினின்று வளர்ந்த கொள்கையால், உடன்வேலையாளின் கவனக்குறைவால் காயமுற்ற தொழிலாளி எஜமானனிடம் ஈடு கேட்க இயலாதாயிற்று. வழியிற் சென்ற அயலான்மேல் வண்டி மோதினால் அவனுக்கு ஈடு உண்டு. வண்டிக்குள்ளேயிருந்த வேலையாளுக்கு இல்லை! சுரங்கங்களிலும் இருப்புப்பாதைகளிலும் நூறாண்டுக்கு மேலாக எத்தனையோ குடும்பங்கள் இதனால் தெருவில் நின்றன. நம் நாட்டில் 1938ஆம் ஆண்டுச் சட்டமொன்றும், இங்கிலாந்தில் 1948ஆம் ஆண்டுச் சட்டமொன்றும் இக்கொள்கையைப் புதைத்தன.

சட்டப் புத்தகத்தினின்று அது நீங்கிவிட்டது. ஆனால் மனிதர் மனத்தினின்று நீங்கிற்றா? "தெரிந்துதானே ஏறினாள்" என்று இன்றும் கூறுவோர் பலர். மறுக்கும் உரிமை ஏட்டில் இருக்கின்றது. மறுத்தபின் அடுப்பெரிய வழி எங்கே இருக்கின்றது? முன்பணம் வாங்கி, நாளைய வண்டிக்காக இன்றைய அச்சத்தை விழுங்குபவள் சம்மதித்தவளாகாள். பழைய ஏற்பாட்டில் யாத்திராகமம் கூறும் நியாயப்பிரமாணம் ஒன்று ஈண்டு நினைக்கத்தக்கது. மாடு முட்டிக் கொன்றால் மாட்டுக்கே தண்டனை, உடையவன்மேல் பழியில்லை. ஆனால் அது முன்னமே முட்டும் மாடு என்று உடையவனுக்கு அறிவிக்கப்பட்டிருந்தும் அதனை அவன் கட்டி வையானாகில், பொறுப்பு உடையவனைச் சாரும். அறிந்தும் கட்டாமையே அங்கு அவன் பிழை. நம் மலைச்சாலையில் நிறைசுமை ஜீப்பு முட்டும் மாடு என்பதனை அறியாத உடையவரும் முதலாளியும் இப்பள்ளத்தாக்கில் யாருளர்? நிறைந்த வண்டி ஒவ்வொன்றும் தோட்டத்து வாயிலில் அவர்கள் கண்முன்னரேயன்றோ இறக்கப்படுகின்றது?

வண்டிக்கு உடையவர்மேல் பொறுப்பைச் சுமத்தினாற் போதாதோ என்று சிலர் கேட்கலாம். போதாது என்பது நம் துணிபு. காரணம் கூறுவோம். மோட்டார் வண்டிச் சட்டப்படி ஒவ்வொரு வண்டிக்கும் இன்ஷூரன்ஸ் கட்டாயம். ஆனால் அதற்கும் ஓர் அளவுண்டு. இமாசலப் பிரதேசத்தில் 42 பேருக்கு இடமுள்ள பேருந்தொன்றில் ஏறத்தாழ 90 பேர் ஏற்றப்பட்டனர். வண்டி பள்ளத்தில் வீழ்ந்தது. 2007ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டார் கூறிய தீர்ப்பாவது: இன்ஷூரன்ஸ் கம்பெனி 42 பேருக்கே பொறுப்பு, விதிக்கப்பட்ட ஈடுகளுள் மிகப் பெரியனவாகிய 42இன் தொகையைக் கம்பெனி கட்ட வேண்டும், அதனை எல்லோருக்கும் வீதப்படி பகிர்ந்து கொடுக்க வேண்டும், எஞ்சியதை அவரவர் வண்டி உடையவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். இதன் பொருளை நன்கு சிந்தித்துப் பாருங்கள். ஜீப்பின் பதிவுச் சீட்டிற் கண்ட எண்ணிக்கைக்கு மேல் ஒருவரை ஏற்றும்போது, அவரது ஈடு மட்டுமன்று, முன்னரே உள்ளே அமர்ந்திருப்பவர் ஒவ்வொருவரது ஈடும் குறைகின்றது. அன்றியும், சொந்த உபயோகத்திற்கெனப் பதிவான வண்டியைப் பெர்மிட்டின்றி வாடகைக்கு ஓட்டினால், கம்பெனியார் பொறுப்பை மறுத்து வாதாட அதுவே ஓர் ஏதுவாகும். எஞ்சியதை உடையவரிடம் வசூலிக்கலாமென்றால், அவரும் கடனுக்கு வண்டி வாங்கி, தவணை கட்டுபவராக இருப்பர். சில வேளைகளில் அவரே சாரதியுமாவர். வண்டி நொறுங்கியபின் அவரிடத்தில் எதனை வசூலிப்பது?

மற்றொரு சங்கடமும் உண்டு. ஜீப்பு கைமாறுகின்றது; பதிவுச் சீட்டிலோ பழைய பெயரே நிற்கின்றது. விற்றுவிட்டோம், ஆகையால் தப்பினோம் என்று விற்றவர் எண்ணியிருப்பர். பதிவிற் பெயர் உள்ளவரே உடையவர் எனக் கொள்ளப்படுவர் என்று 2018ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டார் தெளிவாகக் கூறிவிட்டனர். தாம் காணாத வண்டிக்கு, தாம் அறியாத சாரதி செய்த தீங்கிற்கு அவர் ஈடு கொடுக்க நேரிடும். இதனைப் படிப்போர் தம் இல்லத்தில் விற்ற மோட்டார் சைக்கிளின் சீட்டு யார் பெயரில் இருக்கின்றது என்று இன்றே பார்ப்பது நன்று.

ஆதலின் பொறுப்பானது ஜீப்போடு நின்றுவிடாமல், ஜீப்பினை வரவழைப்பவர் வரையிற் செல்லவேண்டும். இது நாம் புதிதாகக் கற்பித்த கொள்கையன்று. ராஜஸ்தானத்துப் போக்குவரத்துக் கழகம் ஒரு தனியார் பேருந்தை வாடகைக்கு அமர்த்தி ஓட்டிற்று. சாரதிக்குச் சம்பளம் கொடுத்தவர் பேருந்துக்கு உடையவரே. ஆயினும் எங்கே போவது, எப்போது புறப்படுவது என்று ஆணையிட்டது கழகம். விபத்து நேர்ந்தபோது, வண்டி எவர் வசத்தில் இருந்து எவர் ஆணைப்படி ஓடியதோ அவரும் பொறுப்பாளியே என்று 1997ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டார் தீர்த்தனர். தோட்டத்து நிலையும் இதனோடு ஒப்பிடத்தக்கதன்றோ? இத்தனை ஆள் வேண்டும், இத்தனை மணிக்கு வாயிலில் நிற்க வேண்டும் என்று ஆணையிடுவது தோட்டம். அந்த எண்ணும் அந்த மணியுமே ஜீப்பை நிறைக்கின்றன, ஜீப்பை விரைவுபடுத்துகின்றன.

"வேலிக்குள் வந்த பிறகே நம் ஆள்" என்னும் முதலாளியின் வாதமும் வலுவிழந்து வருகின்றது. மகாராஷ்டிரத்தில் சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் 2003ஆம் ஆண்டில் அதிகாலை வேலைக்குச் செல்லும் வழியில் விபத்தில் இறந்தார். வீட்டினின்று வேலையிடத்திற்குச் செல்லும் வழியும், காலம், இடம், சூழ்நிலை இவற்றால் வேலையோடு தொடர்புற்றிருக்குமாயின், வேலையின் பகுதியே என்று 2025ஆம் ஆண்டு ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டார் கூறி, அக்குடும்பத்திற்கு ஈட்டினை மீட்டுக் கொடுத்தனர். தீர்ப்பு வர இருபத்திரண்டு ஆண்டுகள் சென்றன என்பது வருந்தத்தக்கதே. 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்து, 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஈட்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. வழியில் நேரும் விபத்தைப் பற்றிய இக்கருத்தினை அதுவும் தன்னகத்தே கொண்டுள்ளது. ஒப்பந்தக்காரர் வாயிலாக அமர்த்திய ஆளுக்கும் முதல் எஜமானன் ஈடு கொடுத்துவிட்டு, பின்னர் ஒப்பந்தக்காரரிடம் அதனைப் பெற்றுக்கொள்ளலாம் என்னும் பழைய விதியும் அதில் நிலைபெற்றுள்ளது. கங்காணியைக் காட்டி முதலாளி ஒதுங்க முயலுங்கால் இவ்விதி அவர் எதிரே வந்து நிற்கும்.

நம் கருத்திற்குத் தடைகள் எழுப்பப்படலாம். "இவ்வாறு பொறுப்பைச் சுமத்தினால் தோட்டத்தின் செலவு பெருகும், கூலி குறையும், வேலையே இல்லாது போகும்" என்பர். செலவு பெருகும் என்பதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அச்செலவு இப்போதும் இல்லாமலில்லை. கணக்குப் புத்தகத்தில் எழுதப்படாமல் இருக்கின்றது, அவ்வளவே. நான்கு ஜீப்புகளிற் செல்ல வேண்டியவர் இரண்டு ஜீப்புகளிற் சென்றால் மிச்சமாகும் வாடகை, மலைச்சாலை வளைவொன்றில் ஒருநாள் ஒரு பெண்ணின் முதுகெலும்பாகக் கொடுக்கப்படுகின்றது. ஏலக்காய் பல கைகள் மாறி விற்பனையாவது. இரண்டு ஜீப்பு வாடகையைக் காயின் விலையில் ஏற்றிப் பலர் தலையில் சிறிது சிறிதாகப் பகிர்தல் எளிது. அதே நஷ்டம் ஒரு குடிசையின்மேல் முழுவதும் விழுந்தால் அக்குடிசை எழுந்திராது. நஷ்டத்தைப் பகிரக்கூடியவரிடத்தில் வைப்பதே அறிவுடைமையுமாகும், அறமுமாகும்.

"பிழை செய்யாத முதலாளியை வருத்துவது நீதியோ?" என்பர். பிழை செய்யாதவர் வருந்தவேண்டியது இன்றியமையாததாயின், இங்கே பிழை செய்யாதார் இருவர் உளர்: ஒருவர் முதலாளி, மற்றொருவர் காயமுற்ற பெண். இருவரில் ஆதாயம் பெற்றவர் யார், தடுக்க வல்லவர் யார் என்று நோக்கின், தராசு எப்பக்கம் சாயும் என்பதனை நாம் சொல்லவேண்டுவதில்லை. பொறுப்பு உண்டென்று அறிந்த நாளே முதலாளி வாயிலில் நின்று தலைகளை எண்ணத் தொடங்குவர். தீங்கு நேர்ந்தபின் ஈடு வாங்கித் தருவதைக் காட்டிலும், தீங்கு நேராமலே காப்பது இவ்விதியின் பெரும்பயன் என்க.

ஆகவே நாம் வேண்டுவன சிலவே. ஆட்களுக்கு ஈடான இருக்கையும், வாடகைக்கு ஓட்டும் பெர்மிட்டும், இன்ஷூரன்ஸும் உள்ள வண்டியையே தோட்டத்தார் அமர்த்த வேண்டும். ஒவ்வொரு நாளும் எவ்வண்டியில் யார் யார் வந்தனர் என்னும் பெயர்ப்பட்டி தோட்டத்தில் எழுதி வைக்கப்பட வேண்டும். பட்டியில்லாவிடில், "இவள் நம் ஆளல்லள்" என்பது எளிதாகிவிடும். தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு ராஜ்யங்களின் அதிகாரிகளும், அபராதச் சீட்டினைச் சாரதியோடு நிறுத்தாமல், வண்டி சென்று சேரும் தோட்டத்தையும் விசாரிக்க வேண்டும்.

மாணவ நண்பர்களே, நம்மாற் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. நம் தாய்மாரும் அத்தைமாரும் அறியாத சில செய்திகளை அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம். மலைமேல் கேரளத்தில் விபத்து நேர்ந்தாலும், வழக்கிற்காக அங்கே அலைய வேண்டுவதில்லை. காயமுற்றவர் குடியிருக்கும் இடத்திற்குரிய மோட்டார் விபத்து டிரிபியூனலிலேயே மனுக் கொடுக்கலாம். யார் பிழை என்று நிரூபியாமலே இறந்தவர் குடும்பத்திற்கு 5 லட்சம் ரூபாயும், கொடுங்காயமுற்றவருக்கு 2.5 லட்சம் ரூபாயும் கேட்கும் வழி 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. பிழையை நிரூபித்து, அதனினும் மிகுதியாகக் கேட்கும் வழியும் உண்டு. வெற்றுத்தாளில் கைந்நாட்டு வைக்கலாகாது. ஏறும் வண்டியின் எண்ணை வீட்டிற் குறித்து வைத்தல் நன்று. இவற்றைச் சொல்லுதற்கு வக்கீல் வேண்டுவதில்லை. படிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவன் வீட்டில் இருந்தாற் போதும்.

விடுமுறை முடிந்து நாம் கல்லூரிக்குத் திரும்பிய அன்றும் அதே தேநீர்க்கடை விளக்கின்கீழ் அவ்வம்மையார் நின்றிருந்தார். அன்றும் வண்டி வந்தது, அன்றும் நிறைந்தது. "முன்பணத்துக்கு யார் பதில் சொல்வது?" என்று அவர் கேட்டதற்கு அவர் தாமே நாள்தோறும் பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றார், தம் கடனைத் தாம் மறந்தாரில்லை. அவர் உழைப்பினால் வாழ்வோர் அனைவரும் தம் கடனை அவ்வாறே நினைத்து, "எம் பொருட்டு ஓடிய வண்டியில் நேர்ந்ததற்கு யாமே விடை கூறுவோம்" என்று முன்வரும் நாள் விரைவில் உதயமாகுக.